கோழி பெட்டியை விட்டு எழவே மாட்டேன் என்கிறதா? அடைக்கோழிச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

நாலைந்து கோழி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒருநாள் இது நடக்கும். முட்டை எடுக்கப் பெட்டிக்குள் கையை நீட்டினால், உள்ளே இருக்கும் கோழி தட்டையாகப் பதுங்கி, இறகையெல்லாம் சிலிர்த்து, உடம்பை இரண்டு மடங்காக்கிக்கொண்டு 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும். நேற்றுவரை கையில் தீனி கொத்தித் தின்ற கோழிதான். எனக்கு முதல்முறை இப்படி நடந்தபோது ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்து இரண்டு நாள் மருந்து தேடிக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு அடைக்கு உட்கார்ந்திருந்தது.

அடை என்றாலும் அவயம் என்றாலும் ஒன்றுதான். கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. முட்டையிடுவது நிற்கிறது, பசி குறைகிறது, வயிற்றை எதன் மேலாவது வைத்து அழுத்திப் படுக்க வேண்டும் என்ற வெறி வருகிறது. பகல் நீளும் மாதங்களில் இது அதிகம். முட்டை எடுக்காமல் சேர்ந்து கிடந்தால் இன்னும் அதிகம். சேவல் இருக்க வேண்டும் என்றில்லை. முட்டைகூட இருக்க வேண்டும் என்றில்லை. என்னிடம் இருந்த ஒரு கருப்புப் பெட்டை (கருப்பி என்றுதான் கூப்பிடுவோம்) ஒருமுறை ஒரு பழைய பந்தின் மேல் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது. சில்க்கி, கொச்சின், ஆர்ப்பிங்டன் மாதிரி இனங்கள் வருஷத்துக்குப் பலமுறைகூட உட்காரும். லெக்ஹார்ன், முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினங்கள் பெரும்பாலும் உட்காரவே உட்காராது. அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

கீழே இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் கோழி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குஞ்சு பொரிக்க விடுவதா, அடை தெளிய வைப்பதா என்பதை முதல் இரண்டு நாளுக்குள் முடிவு செய்யுங்கள். 'பார்க்கலாம்' என்று ஒரு வாரம் இழுத்தவர்களுக்குத்தான் கீழே உள்ள சிக்கல்களில் பாதி வருகிறது. நானும் இழுத்தவன்தான்.

பகல் முழுக்கப் பெட்டியிலேயே இருக்கிறது. அடைதானா?

இரவில் போய்ப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. முட்டையிட வந்த கோழி அரை மணி, ஒரு மணி, சில சமயம் இரண்டு மணி நேரம்கூடப் பெட்டியில் இருக்கும். ஆனால் பொழுது சாய்ந்தால் மற்றவற்றோடு, இரவில் தூங்கும் கட்டையில் ஏறிவிடும். இருட்டிய பிறகும் பெட்டியில் படுத்திருந்தால் அடை என்று தொண்ணூறு பங்கு முடிவு செய்யலாம். இரண்டு இரவு தொடர்ந்து அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மீதியை உறுதி செய்ய: கையை நீட்டினால் சீறும், கொத்தும், அல்லது எங்கோ வெறித்தபடி அசையாமல் கிடக்கும். எடுத்துத் தரையில் விட்டால் சில நொடிகள் அப்படியே அப்பளம் மாதிரி தட்டையாக உட்கார்ந்திருக்கும். பிறகு திடீரென்று நினைவு வந்ததுபோல எழுந்து, இறகை உப்பிக்கொண்டு, 'கொக்... கொக்... கொக்...' என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே நடக்கும். வயிற்றைத் தடவிப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, தொட்டால் சூடாக இருக்கும். முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் போய்ச் சேரத்தான் அந்த இடம். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ், முட்டைக்குள் கரு வளர வேண்டியது 37.5 டிகிரி அளவில். இடையில் இறகு இருந்தால் வேலைக்காகாது.

அப்புறம் எச்சம். அடைக்கோழி ஒரு நாளுக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை வெளியே வந்து பதினைந்து இருபது நிமிஷம் தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். அந்த ஒரு நடையில் நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை ஒரே குவியலாகப் போடும். ஒரு எலுமிச்சை அளவு இருக்கும், நாற்றம் தாங்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவார்கள். அது அடைக்கோழியின் இயல்பு, மருந்து வேண்டாம்.

பெட்டியில் இருக்கிறது, ஆனால் சீறவில்லை, கொத்தவில்லை, சோர்ந்திருக்கிறது

இங்கேதான் கவனம் வேண்டும். அடைக்கோழி முறுக்கிக்கொண்டு இருக்கும், கண் தெளிவாக இருக்கும். கண்ணை மூடிக் குறுகிப்போய், வாலைத் தாழ்த்தி, தொட்டாலும் பொருட்படுத்தாமல் இருப்பது வேறு விஷயம்.

அடிக்கடி பெட்டிக்குள் போய் வருகிறது, முக்குகிறது, நிமிர்ந்து நின்று வாலை ஆட்டுகிறது, முட்டை வரவில்லை என்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். இதைத் தள்ளிப்போட முடியாது. வயிறு நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் உட்கார வைத்து, துடைத்துக் காயவைத்து, சூடான இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் முட்டை வெளிவரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நீங்களே அமுக்கி உடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே ஓடு கிழித்தால் கோழி பிழைப்பது கடினம்.

இன்னொரு காரணம் பயம். கூட்டத்தில் அடிபடும் கோழி ஒளிந்துகொள்ள இடம் தேடிப் பெட்டிக்குள் போகும். இது சீறாது, இறகு சிலிர்க்காது, மற்ற கோழிகள் தூரப் போனதும் ஓடிவந்து அவசர அவசரமாகத் தின்னும். அதற்கு இன்னொரு தீனித் தட்டும் தண்ணீரும் தள்ளி வைத்தாலே பாதி சரியாகும்.

அடைதான். எனக்குக் குஞ்சு வேண்டாம்

முட்டைகளை எடுத்துவிடுங்கள், பொய் முட்டை இருந்தால் அதையும். கோழியைத் தூக்கி வெளியே விட்டுப் பெட்டியை அடைத்துவிடுங்கள். உட்கார்ந்து ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆகிறது என்றால், பகலில் நாலைந்து முறை இப்படி எடுத்து வெளியே விட்டு, இரவில் கையோடு தூக்கிக் கட்டையில் வைத்தாலே சில கோழிகள் தெளிந்துவிடும். எல்லாக் கோழியும் தெளியாது. கருப்பியை ஒரே நாளில் பதினொரு முறை தூக்கி விட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது முறை பெட்டி அடைத்திருந்ததால் பெட்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டது.

அப்படிப்பட்டவற்றுக்குக் கம்பிக்கூண்டுதான். அடிப்பாகம் கம்பி வலையாக உள்ள ஒரு கூண்டை எடுங்கள். நாய்க்கூண்டு, முயல் கூண்டு எதுவானாலும் சரி. வலைக் கண் கால் மாட்டிக்கொள்ளாத அளவு சிறியதாக இருந்தால் போதும். அதை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். கீழே காற்று ஓட வேண்டும். வைக்கோல், உமி, துணி எதுவும் உள்ளே போடக்கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். வெயில் மழை படாமல், ஆனால் வெளிச்சமான இடத்தில், முடிந்தால் மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வையுங்கள். திரும்பச் சேர்க்கும்போது சண்டை குறையும். இரவிலும் அதிலேயே இருக்கட்டும். நாய், பூனை, கீரி வரும் இடம் என்றால் இரவில் கூண்டோடு உள்ளே தூக்கி வையுங்கள்.

இதில் கொடுமை எதுவும் இல்லை. இருட்டு, மெத்தென்ற படுக்கை, வயிற்றுக்கடியில் தேங்கிய சூடு, இந்த மூன்றும்தான் அந்த ஹார்மோனை இறங்கவிடாமல் வைத்திருக்கின்றன. கம்பிக்கூண்டு மூன்றையும் எடுத்துவிடுகிறது. முதல் நாள் மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாம் நாள் எழுந்து நடக்க ஆரம்பிக்கும், 'என்னை விடு' என்று கத்தும். கூண்டுக்குக் கீழே எச்சத்தைப் பாருங்கள். பெரிய குவியல் போய், வழக்கமான சின்னச் சின்ன எச்சமாகப் பல இடத்தில் விழ ஆரம்பித்தால் உள்ளே மாற்றம் நடந்துவிட்டது என்று அர்த்தம். நான் நாள்கணக்கைவிட இதைத்தான் நம்புகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். தீனிக்கு ஓடினால், மண்ணைக் கிளறினால், அன்று இரவு கட்டையில் ஏறினால் தெளிந்தது. நேராகப் பெட்டிக்கு நடந்தால் இன்னும் இரண்டு நாள் உள்ளே. முட்டை உடனே வராது. ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். சினைப்பை சுருங்கியிருக்கும், அது திரும்ப எழ வேண்டும்.

தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். ஒருமுறை செய்து பார்த்தேன். கோழி உதறிக்கொண்டது, என்னை நனைத்தது, ஈரத்தோடு போய்ப் பெட்டியில் உட்கார்ந்தது. குளிர் நாளில் ஈர இறகோடு கோழியை விட்டால் அது வேறு சிக்கலில் முடியும். தீனி தண்ணீரை நிறுத்துவதும் வேண்டாம். அடைக்கோழி ஏற்கெனவே அரைப்பட்டினி.

கூண்டில் வைத்துத் தெளிந்தது, பத்து நாளில் மறுபடி உட்கார்ந்துவிட்டது

இரண்டு காரணம் பார்ப்பேன். ஒன்று, அரைகுறையாகத் தெளிந்திருக்கும். எழுந்து நடந்ததும் பாவம் பார்த்து இரண்டாம் நாளே திறந்துவிட்டிருப்பீர்கள். இன்னொன்று, எங்கோ முட்டை சேர்கிறது. புதருக்குள், விறகுக்கு அடியில், ஒரு பழைய பெட்டியில். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காலி செய்யாமல் கோழியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கோழிகளை அடைத்து வைத்துக் காலையில் தாமதமாகத் திறந்தால், முட்டையிட அவசரத்தில் உள்ள கோழி எங்கே ஓடுகிறது என்று பார்த்து இடத்தைப் பிடிக்கலாம்.

முட்டையை நாளுக்கு இரண்டுமுறை எடுங்கள். பொய் முட்டை வைத்துப் பழக்கியிருந்தால், இளம் பெட்டைகள் பெட்டியில் இடப் பழகியதும் அதை எடுத்துவிடுங்கள். இருந்தும், இனமே உட்காரும் இனம் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூண்டைத் தூசி தட்ட வேண்டியதுதான்.

ஒன்று உட்கார்ந்தது, பார்த்துப் பார்த்து மூன்று உட்கார்ந்துவிட்டன

நடக்கும். ஒரு பெட்டியில் படுத்த கோழியைப் பார்த்து மற்றதும் அதில் நெருக்கிக்கொண்டு படுக்கும். தெளிய வைக்கப் போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். பொரிக்க விடப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் விட்டு, அதையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். இரண்டு கோழி ஒரே கூட்டில் இருந்தால் முட்டை உருண்டு நடுவில் அனாதையாகும். பொரித்த பிறகு குஞ்சுக்குச் சண்டை வரும்.

குஞ்சு வேண்டும். எப்படி வைப்பது?

முதல் கேள்வி, முட்டை கருக்கூடிய முட்டைதானா. சேவல் இல்லாத கூட்டத்தின் முட்டை நாற்பது நாள் அடை காத்தாலும் கூமுட்டைதான். சேவலைப் பிரித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கருக்கூடிய முட்டை வரலாம். ஏழு நாளுக்குள் இட்ட முட்டையாக, குளிர்ச்சியான இடத்தில் கூர்முனை கீழாக வைத்திருந்ததாக எடுங்கள். குளிர்பெட்டிக்குள் கிடந்தது வேண்டாம்.

கோழியை நம்பி உடனே நல்ல முட்டையை வைக்காதீர்கள். இரண்டு நாள் பொய் முட்டை வைத்துப் பாருங்கள். நிலையாக உட்கார்ந்தால், இருட்டிய பிறகு தனி இடத்துக்கு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய பெட்டிக்கே ஓடும். மாற்றிய இடத்திலும் ஒரு நாள் நிலைத்தால், அடுத்த இரவு பொய் முட்டையை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள். சின்னக் கோழிக்கு ஆறு எட்டு, பெரிய கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு. கணக்கைவிடக் கண்ணே நல்லது. கோழி படுத்த பிறகு இறகுக்கு வெளியே ஒரு முட்டைகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒன்றிரண்டைக் குறையுங்கள். கோழி முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்த முட்டை நாளை நடுவில் இருக்கும், நாளை இன்னொன்று குளிரும். பேராசைப்பட்டு ஒன்று கூடுதலாக வைத்தால் நஷ்டம் எல்லாவற்றுக்கும்.

தீனியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் கூட்டை ஒட்டி வேண்டாம். ஓர் அடி எழுந்து நடந்து வந்து தின்றால்தான் எச்சத்தைக் கூட்டுக்கு வெளியே போடும்.

முட்டை எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுகிறது

மற்ற கோழிகள் உள்ளே புகுந்து இட்டுவிட்டுப் போகின்றன. பத்து முட்டை வைத்தீர்கள், ஒரு வாரத்தில் பதினாறு. அந்த ஆறும் பின்தங்கியவை. முதல் பத்து பொரித்ததும் தாய்க்கோழி குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். அந்த ஆறும் பாதியில் கிடந்து சாகும். தனி இடம்தான் இதற்கு மருந்து. அது முடியாதென்றால், முதலில் வைத்த முட்டைகளில் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள். பேனா மை வேண்டாம். கோழி வெளியே வரும் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் கோடில்லாததை எல்லாம் எடுத்துவிடலாம்.

வெளியே வரவே மாட்டேன் என்கிறது

சில கோழிகள் பிடிவாதம். இரண்டு நாள் வெளியே வந்த தடயமே இல்லை என்றால் நாளுக்கு ஒருமுறை நீங்களே தூக்கி விடுங்கள். தூக்கும் விதம் முக்கியம். சட்டென்று இழுக்காதீர்கள். இரண்டு கையையும் உடம்புக்கு அடியில் மெல்ல நுழைத்து, இறக்கைகளை லேசாக விரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு முட்டையை இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் இடுக்கி வைத்திருக்கும். தூக்கியதும் அது நழுவி மற்ற முட்டை மேல் விழுந்தால் இரண்டும் போகும். நான் இதைக் கற்றுக்கொண்ட அன்று போனது மூன்று.

கடும் வெயில் காலத்தில் இது இன்னும் முக்கியம். அலகைத் திறந்து மூச்சிரைக்கும் கோழிகூட முட்டையை விடாமல் உட்கார்ந்தே உயிரை விடும். நிழலும் காற்றும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

முட்டையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது

முதலில் பக்கத்துப் பெட்டிகளைப் பாருங்கள். தின்னப் போனது, திரும்பி வரும்போது தவறான பெட்டியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். கோழிக்கு இடம்தான் நினைவிருக்கும், முட்டை இல்லை. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கும். தூக்கிக்கொண்டு வந்து சரியான பெட்டியில் விடுங்கள், மற்றதை அடைத்துவிடுங்கள்.

முட்டை தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா? தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். சில மணி நேரம் ஆறிப்போன முட்டையிலும் கரு பிழைப்பதுண்டு. திரும்ப அடியில் வைத்துவிட்டு நாலு நாள் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அப்படிப் பார்ப்பது எளிது. இருட்டு அறை, ஒரு டார்ச். முட்டையின் அகன்ற முனையை டார்ச் வாயில் ஒட்டி வைத்து, வெளிச்சம் கசியாமல் விரலால் மூடிக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் வாக்கில் சிலந்தி கால் பரப்பியது மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புள்ளி துள்ளும். ஒன்றுமில்லாமல் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கருக்கூடவில்லை. நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகிப் பாதியில் இறந்துவிட்டது. ஓடு அடர்பழுப்பு நிறமாக இருந்தால் பத்தாம் நாள் வரை பொறுத்துப் பாருங்கள். முடிவுக்கு வர முடியாததை உள்ளேயே வையுங்கள்.

கோழி ஆள் வந்தாலே எழுந்து ஓடுகிறது, இரண்டு மூன்றுமுறை விட்டுப் போய்விட்டது, இரவிலும் நிலையாக இல்லை என்றால் கூட்டையே சந்தேகப்படுங்கள். செல் (கோழி ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி) இருக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

கூட்டில் நாற்றம், முட்டை உடைந்திருக்கிறது

கெட்ட முட்டைக்குள் வாயு சேரும். கையில் எடுத்தால் ஓட்டின் மேல் வியர்த்தது மாதிரி பிசுபிசுப்பு இருக்கும், மோந்து பார்த்தாலே தெரியும். அதை ஆட்டாமல் கொள்ளாமல் தூரமாகக் கொண்டுபோய்ப் புதையுங்கள். கூட்டுக்குள் வெடித்தால் மற்ற முட்டை எல்லாவற்றிலும் கிருமி பூசப்படும்.

ஏற்கெனவே உடைந்து வழிந்திருந்தால் படுக்கை முழுவதையும் மாற்றுங்கள். மற்ற முட்டைகளை, முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். குளிர்ந்த நீர் கூடாது. உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்கை உள்ளே இழுக்கும்.

இருபத்தொரு நாள் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை

எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முட்டை வைத்த நாளைச் சேர்க்காமல் மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும். கோழிக்கு 21, ஒரு நாள் முன்பின்னாகும். வாத்து முட்டையைக் கோழிக்கடியில் வைத்திருந்தால் 28. பாதி வழியில் கோழி சலித்து எழுந்துவிடும் அபாயம் அதில் உண்டு. கோழி நடுவில் அதிக நேரம் எழுந்து போயிருந்தாலோ, வாரத்துக்கு மேல் பழைய முட்டையாக இருந்தாலோ 22, 23 வரை தள்ளும். அதுவரை கையை வைக்காதீர்கள்.

ஓட்டில் துளை விழுந்து பல மணி நேரமாகியும் குஞ்சு வரவில்லை என்று பதறி உரித்து விடுபவர்கள் அதிகம். முதல் துளைக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் ஒரு நாள் ஆகலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருக்கவில்லை. ஓட்டின் உட்தோலில் உள்ள ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் எடுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும். அந்த மஞ்சள்கருதான் அதற்குக் கட்டுச்சோறு. முதலில் பொரித்த குஞ்சு இரண்டு நாள் தின்னாமல் தாய்க்கு அடியில் காத்திருக்க முடிவது அதனால்தான். கோழியும் அந்த இரண்டு நாளைக் கணக்கில் வைத்துத்தான் எழும்.

24ஆம் நாளும் ஒன்றுமில்லையா? எல்லா முட்டையையும் எடுத்துவிடுங்கள். சில கோழிகள் தாமாக எழாமல், பொரிக்காத முட்டை மேல் ஐந்து ஆறு வாரம்கூட உட்கார்ந்து எலும்பாகிவிடும். அப்போது இரண்டு வழி. கம்பிக்கூண்டு, அல்லது ஒன்றிரண்டு நாள் வயதான குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கி இரவில் அடியில் செருகுவது.

குஞ்சைக் கொத்துகிறது

வாங்கிய குஞ்சை வைக்கும்போது இருட்டு முக்கியம், குஞ்சின் வயது முக்கியம், கோழி குறைந்தது இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருப்பதும் முக்கியம். நேற்று உட்கார்ந்த கோழியிடம் குஞ்சைக் கொடுத்தால் அதற்குப் புரியாது. ஒரு கையால் கோழியின் மார்பை லேசாக உயர்த்தி, ஒரு முட்டையை எடுத்து, அதே இடத்தில் ஒரு குஞ்சை விடுங்கள். குஞ்சு சிணுங்கும், கோழி அடித்தொண்டையில் பதில் சொன்னால் பாதி வெற்றி.

விடியும் முன் போய் நில்லுங்கள். ஒரு தட்டு, ஒரு லேசான கொத்து என்பது ஒழுக்கம் சொல்லிக் கொடுப்பது, விடலாம். தலையைக் குறிவைத்து ஓங்கிக் கொத்தினால், குஞ்சு அலறினால், உடனே எடுத்துவிடுங்கள். இரண்டாவது வாய்ப்பு கொடுக்காதீர்கள். எடுத்த குஞ்சுக்கு விளக்குச் சூடு வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி அளவு, பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

தாயோடு இருக்கும் குஞ்சுகளுக்கும் தாய்க்கும் ஒரே குஞ்சுத் தீவனம் போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 4 சதவீதம் அளவு இருக்கும். குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு மூழ்காது.

கொண்டை வெளுத்துவிட்டது, எலும்பும் தோலுமாக இருக்கிறது

அடை காத்த கோழி இளைக்கும், கொண்டை நிறம் மங்கும். ஓரளவுக்கு இயல்பு. ஆனால் காகிதம் மாதிரி வெளுத்திருந்தால், கூடவே அமைதியில்லாமல் இருந்தால், ரத்தம் எங்கோ போகிறது. சிவப்புச் செல் என்ற பொடிப் பூச்சி பகலில் மரவிரிசலில் ஒளிந்திருந்து இரவில் வந்து குடிக்கும். அடைக்கோழி ஓர் இடத்தில் அசையாமல் மூன்று வாரம் இருப்பதால் அதற்குப் பந்தி விரித்த மாதிரி. பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், பெட்டியின் மூட்டுகளையும் கட்டையின் அடிப்பக்கத்தையும் ஒரு வெள்ளைக் காகிதத்தால் தேயுங்கள். சிவப்புத் தீற்றல் விழுந்தால் செல்தான்.

பழைய படுக்கையை எல்லாம் எடுத்து எரித்து, பெட்டி விரிசல்களைக் கொதிநீர் விட்டுக் கழுவி உலர்த்துங்கள். செல்லுக்கான மருந்தை மருத்துவரைக் கேட்டு, ஒரு வாரம் இடைவெளியில் மறுபடியும் போடுங்கள். முதல்முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். அடுத்தமுறை கோழியை உட்கார வைப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் நல்லது.

நேற்றுவரை கொஞ்சிய குஞ்சுகளை இன்று துரத்துகிறது

குஞ்சுக்கு ஐந்து முதல் எட்டு வாரம் ஆகியிருந்தால், தாய் வேலை முடிந்துவிட்டது. அதன் சினைப்பை எழுந்துவிட்டது, முட்டையிடப் போகிறது. இறகு முளைத்த குஞ்சுகள் தாமாகச் சமாளிக்கும். முதல் சில இரவுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுக்க ஒரு மூலை கொடுங்கள். கருப்பி இப்படித்தான் ஒரு காலையில் ஏழு குஞ்சுகளையும் உதறிவிட்டு நேராக முட்டைப் பெட்டிக்குள் போனது. இரவில் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். கட்டையில் இருந்தது.